வீட்டுச் சுவரில் ஒரு டார்ட் பலகை: பராமரிப்பை முன்வைத்து ஒரு மதிப்புரை

சுவரில் மாட்டி, கூரிய முனையுள்ள சிறு அம்புகளை எறிந்து விளையாடும் டார்ட் பலகைகளைப் பற்றிய மதிப்புரைகளில் பெரும்பாலானவை பெட்டியைப் பிரித்த கையோடு எழுதப்படுபவை. அந்த நிலையில் எந்தப் பலகையும் நன்றாகத்தான் இருக்கும்: நார் ஒரே மட்டமாக இருக்கும், கம்பிகள் நேராக இருக்கும், சிவப்பும் பச்சையும் பளிச்சென்று இருக்கும். பலகையின் உண்மையான தரம் தெரியவருவது அதற்குப் பிறகுதான். 20இன் மும்மடங்கு புள்ளி தரும் டிரிபிள் 20 கட்டத்தில் நார் தளர்ந்து, கம்பி ஒன்று மேலெழுந்து, ஈரமான பருவத்தில் ஒரு பகுதி லேசாக உப்பி நிற்கும்போது, அவற்றை நாமே சரிசெய்துகொள்ள அந்தப் பலகை எவ்வளவு இடம் தருகிறது என்பதே வீட்டில் விளையாடுபவருக்குத் தேவையான தகவல். ஸ்டேபிள் இல்லாமல் மெல்லிய கம்பி பதித்த நார்ப் பலகை ஒன்றைப் பல மாதங்கள் தொடர்ந்து பயன்படுத்திய பின், இந்த ஒரு கேள்வியை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஏறத்தாழ இதே அமைப்பில் பல நிறுவனங்கள் பலகை செய்வதால், இங்கே சொல்லும் நிறைகுறைகளில் பெரும்பகுதி அந்த வகை முழுவதற்கும் பொருந்தும்.

பெட்டிக்குள் இருந்தவை: பலகை, அதன் முதுகின் நடுவில் முடுக்கவேண்டிய திருகாணி, சுவரோடு ஆடாமல் நிறுத்துவதற்கான மூன்று சிறு தாங்கிகள், ‘யு’ வடிவ இரும்புத் தகடு, சுவருக்கான திருகாணிகளும் பிளாஸ்டிக் பிளக்குகளும், விரல் அளவேயுள்ள உருளைச் சாணைக்கல், ஒற்றைத் தாளில் அச்சிட்ட குறிப்பு. பலகையின் விட்டம் வழக்கமான 451 மி.மீ. நடுப்புள்ளியிலிருந்து, இரட்டிப்புப் புள்ளி தரும் டபுள் வளையத்தின் வெளிக்கம்பி வரை 170 மி.மீ.; டபுள், டிரிபிள் வளையங்களின் அகலம் 8 மி.மீ.; பலகையின் நடுவிலுள்ள ‘புல்’ (bull) என்னும் இலக்கில் உள்வட்டத்தின் விட்டம் 12.7 மி.மீ. விளையாட்டின் பெரும்பகுதி எட்டு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டையைக் குறிவைத்தே நடப்பதால், தேய்மானமும் அந்தச் சிறு இடத்திலேயே குவிகிறது. அப்படி ஒரே இடத்தில் குவிவதைப் பலகை முழுவதற்கும் பரப்பிவிடுவதுதான் பராமரிப்பின் முதல் வேலை. மற்றவை எல்லாம் அதற்குப் பின்னரே.

அந்த வேலையைப் புரிந்துகொள்ள, நார் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். பலகையின் முகப்பில் நம் கண்ணுக்குத் தெரிவது நாரின் நுனிகள். கற்றாழை இனத்தைச் சேர்ந்த சைசல் செடியின் நாரை ஒரே நீளத்தில் நறுக்கி, கற்றைகளாகக் கட்டி, அந்தக் கற்றைகளை நிமிர்த்தி நெருக்கி அழுத்தி, சுற்றிலும் இரும்புப் பட்டை ஒன்றை இறுக்கி வட்டமாக்குகிறார்கள். அம்பின் முனை நாருக்கும் நாருக்கும் இடையே விலக்கிக்கொண்டு நுழைகிறது. உருவியதும் இரும்புப் பட்டையின் இறுக்கத்தால் அந்த இடைவெளி மூடிக்கொள்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முனை இறங்கும்போது அங்குள்ள நார்கள் இறுக்கத்தை இழந்து மூடிக்கொள்ளச் சோம்பல்படுகின்றன. அதற்கு ஓய்வு கொடுத்தால் ஓரளவு பழைய நிலைக்கு மீளும். ஓய்வே கொடுக்காமல் எறிந்துகொண்டிருந்தால் நார் முறிந்து உதிரத் தொடங்கும். முறிந்த நாரை மீண்டும் நிரப்ப வழியில்லை.

1930களில் இங்கிலாந்தில் நோடார் நிறுவனம் இந்த நார் முறையைக் கொண்டுவருவதற்கு முன், பலகைகள் எல்ம் மரத்திலும் களிமண்ணிலும் செய்யப்பட்டன. மரப்பலகை காய்ந்து வெடிக்காமல் இருக்கவும் துளைகள் மூடிக்கொள்ளவும் அதைத் தண்ணீரில் ஊறவைப்பது அன்றைய வழக்கம். மரம் போனதோடு அந்த வழக்கமும் போயிருக்க வேண்டும். ஆனால், தண்ணீர் தெளித்தால் துளை மூடும் என்ற அறிவுரை இன்றும் நார்ப் பலகைக்காரர்களிடையே வலம்வருகிறது. தெளித்தவுடன் பார்த்தால் அது உண்மைபோலவே தோன்றும், ஏனெனில் ஈரத்தை உறிஞ்சிய நார் வீங்கி இடைவெளியை அடைக்கிறது. ஆனால் பக்கவாட்டில் விரிவதற்கு இரும்புப் பட்டை இடம் தராததால், வீங்கிய நார் முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வருகிறது. காயும்போது எல்லா இடமும் ஒரே அளவில் உள்ளே திரும்புவதில்லை. பின்புறத்திலுள்ள மரத்தூள் அட்டையும் ஈரத்தில் நெகிழ்ந்துவிடும், கம்பியில் துருவும் ஏறும். இந்தப் பலகையோடு வந்த குறிப்புத் தாளில் ‘ஈரம் படக்கூடாது’ என்பது கடைசி வரியாக, கண்ணாடி போட்டுத் தேடவேண்டிய எழுத்தில் இருக்கிறது. தாளின் தலைப்பிலேயே இடம்பெற்றிருக்க வேண்டிய வாக்கியம் அது.

பலகையைச் சுழற்றி மாட்டுவதுதான் அதன் ஆயுளை நீட்டிக்கும் வழிகளில் முதன்மையானது. இந்த மதிப்புரையில் பலகைக்கு அதிக மதிப்பெண் கிடைப்பதும், அதே இடத்தில் கொஞ்சம் குறைவதும் இந்தப் பகுதியில்தான். எண்கள் பொறித்த கம்பி வளையம் பலகையோடு ஒட்டியதல்ல; சிறு கொக்கிகளால் பிடித்துவைக்கப்பட்டது. வளையத்தைக் கழற்றி, பலகையைச் சுழற்றி, 20 என்ற எண் மீண்டும் உச்சியில் நிற்கும்படி வளையத்தை மாட்டினால், இதுவரை அடிவாங்காத நார் 20க்குக் கீழே வந்துவிடும். ஒரேயொரு நிபந்தனை: கறுப்பும் வெளிர்நிறமும் மாறிமாறி வரும் கட்டங்களில் 20 கறுப்பில்தான் நிற்க வேண்டும் என்பதால், இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டைப்படையில்தான் கட்டங்களை நகர்த்த முடியும். மொத்தம் இருபது கட்டங்கள் என்பதால் ஒரு கட்டம் 18 பாகை. ஆக, குறைந்தது 36 பாகை.

இரண்டு கட்டம் நகர்த்துங்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. அதில் தவறில்லை என்றாலும், நான் பின்பற்றுவதும் பரிந்துரைப்பதும் ஆறு கட்டங்கள். காரணம் எளிது. 20ஐக் குறிவைத்துத் தவறும் அம்புகள் பக்கத்திலுள்ள 5, 1 ஆகியவற்றில் மட்டுமன்றி, கை பழகாதவர்கள் எறியும்போது 12, 18 வரையும் சிதறுகின்றன. இரண்டு கட்டம் மட்டும் நகர்த்தினால், ஏற்கெனவே சிதறலை வாங்கிய நார்தான் உச்சிக்கு வரும். பலகையை இடப்புறமாக ஆறு கட்டம் சுழற்றினால், 10 இருந்த இடம் 20க்கு வருகிறது; பழைய 20 அதிகம் தேவைப்படாத 8இன் இடத்துக்குப் போய் ஓய்வெடுக்கிறது; அடுத்தபடியாக அடிவாங்கும் 19க்கு, யாரும் சீண்டாத 9இன் நார் கிடைக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. ஒவ்வொரு முறையும் ஆறு ஆறாக நகர்த்திக்கொண்டே போனால், பத்துக் கறுப்புக் கட்டங்களும் ஒன்றுவிடாமல் உச்சிக்கு வந்தபின்தான் முதல் கட்டம் திரும்ப வரும். நான்கு நான்காக நகர்த்தினால் ஐந்து கட்டங்களிலேயே சுற்று முடிந்து, மீதி ஐந்துக்கு முறையே வராமல் போய்விடும். காகிதத்தில் பத்துக் கட்டங்களையும் வரைந்து பார்த்தால் இது சட்டென்று விளங்கும். எதுவரை சுழற்றியிருக்கிறோம் என்பது மறந்துபோகும் என்பதால், பலகையின் முதுகில் தேதியைப் பென்சிலால் குறித்துவைப்பது நல்லது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது விளையாடும் அளவைப் பொறுத்தது. நாள்தோறும் விளையாடும் வீட்டில் வாரம் ஒருமுறை சுழற்றினால்கூட அது மிகையல்ல. டிரிபிள் 20 கட்டத்தின் நிறம் வெளிறுவது கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்தால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று பொருள்.

இனி குறை. இந்தப் பலகையில் எண் வளையத்தைப் பிடித்திருக்கும் கொக்கிகள் மிக இறுக்கமானவை. புதிதாக இருக்கும்போது விரலால் தள்ளிக் கழற்றவே முடியவில்லை. தட்டைத் திருப்புளியின் முனையைக் கொடுத்து நெம்ப வேண்டியிருந்தது. நெம்பும்போது திருப்புளி நழுவினால் நேராக நாரில்தான் போய்க் குத்தும் என்பதால், இடையில் மடித்த துணியொன்றை வைத்துக்கொள்ள வேண்டும். சில முறை கழற்றி மாட்டியபின் கொக்கிகள் தளர்ந்து வழிக்கு வந்தன. ஆனால் அவற்றில் ஒன்று தேவைக்கு மேல் தளர்ந்து, அம்பு படும்போதெல்லாம் வளையம் கிணுகிணுக்கத் தொடங்கியது. மூக்கு நீண்ட குறடால் அதை லேசாக உள்நோக்கி வளைத்துவிட்டதும் சத்தம் நின்றது. சுழற்றவேண்டிய பலகையென்று சொல்லி விற்பவர்கள், சுழற்றுவதற்கான உறுப்பையே இப்படி முரட்டுத்தனமாகச் செய்திருப்பது ஏன் என்று தெரியவில்லை. உதிரிக் கொக்கி தனியாகக் கிடைக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேட்டதற்குப் பதிலாக வந்தது, புதிய பலகைகளின் பட்டியல்.

எவ்வளவு சுழற்றினாலும் இடம் மாறாதது நடுவிலுள்ள புல். பலகையின் மற்ற இருபது கட்டங்களும் தங்களுக்குள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். புல் தன் சுமையைத் தானே சுமக்க வேண்டும். யார் முதலில் எறிவது என்பதை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புல்லில் எறிந்து முடிவு செய்பவர்கள், நாணயம் சுண்டிப் பார்க்கத் தொடங்கினாலே பலகையின் ஆயுளில் கணிசமான பகுதி மிஞ்சும்.

கம்பிகளுக்கு வருவோம். பழைய பலகைகளில் உருண்டையான கம்பிகள் பலகையின் மேற்பரப்பில் கிடத்தப்பட்டு, சந்திப்புகளில் ஸ்டேபிள் அடித்து நிறுத்தப்பட்டிருக்கும். உருண்டைக் கம்பியின் மேல் நேராகப் பட்ட அம்பு தெறிக்கும். ஸ்டேபிளின் தலையில் பட்டாலோ, எறிந்தவரின் காலை நோக்கியே திரும்பும். நான் மதிப்பிடும் வகையில் கம்பி ஒரு மெல்லிய தகட்டைப்போல நாருக்குள் செங்குத்தாகப் பதிந்திருக்கிறது. வெளியே தெரியும் விளிம்பு குறுகலானதால் அம்பு வழுக்கி ஏதேனும் ஒரு கட்டத்துக்குள் இறங்கிவிடுகிறது. தெறிப்பு அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஸ்டேபிள் வகையோடு ஒப்பிடவே வேண்டாத அளவுக்குக் குறைவு.

ஆனால் பழுது பார்ப்பது என்ற கோணத்தில் பார்த்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. ஸ்டேபிள் பலகையில் கம்பி தளர்ந்தால், எழும்பி நிற்கும் ஸ்டேபிளைச் சிறு சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி உள்ளே இறக்கலாம். துளை பெரிதாகிவிட்டால் குறடால் பிடுங்கி, சற்றே தள்ளிப் புதிய ஸ்டேபிள் அடிக்கலாம். முழுக் கம்பிவலையும் கோணிவிட்டால்கூட, பொறுமையுள்ளவர் அதைக் கழற்றி நிமிர்த்தி மாட்டிவிட முடியும். பதித்த கம்பி வகையில் இதற்கெல்லாம் இடமில்லை. கம்பி வளைந்தால் ஓரளவு நேராக்கலாம். மேலெழுந்தால் உள்ளே தள்ளலாம். உடைந்தால் அதோடு சரி. என் பலகையில் டிரிபிள் 20இன் வலப்பக்கக் கம்பி ஒரு முடியளவு மேலெழுந்தது. கண்ணால் பார்த்தபோது தெரியவில்லை; விரல் நுனியைக் குறுக்கே ஓட்டியபோதுதான் அந்த ஒரு கம்பி மட்டும் தட்டுப்பட்டது. நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் விளிம்பு நசுங்கி, பின்னர் அம்பின் முனையைக் கிழிக்கும் என்பதால், கெட்டியான மரத்துண்டு ஒன்றைக் கம்பியின் மேல் வைத்து, அதன் மேல் சுத்தியலின் கனம் மட்டும் படும்படி மெல்லத் தட்டினேன். ஒரே இடத்தில் தட்டாமல் கம்பியின் நீளத்துக்கும் நகர்ந்து நகர்ந்து தட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு முனை இறங்கி மறுமுனை எழும். கம்பி பக்கவாட்டில் வளைந்திருந்தால் மழுங்கிய திருப்புளியின் முகத்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் போதும். குறடால் பிடித்து இழுப்பது நாரையும் சேர்த்துக் கிளப்பிவிடும்.

கம்பி ஏன் மேலெழுந்தது என்று தேடிப்போனால், வழி பலகையை விட்டு அம்பிடம் போய்ச் சேர்கிறது. இந்த மதிப்புரையில் அழுத்திச் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான்: பலகையின் பழுதுகளில் பெரும்பாலானவை அம்பின் முனையில் பிறக்கின்றன. முனை ஊசிபோல் மிகக் கூராக இருந்தால் கம்பியின் அடியில் நுழைந்து அதை நெம்பும். மழுங்கியிருந்தால் நாரை விலக்கிக்கொண்டு போகாமல் இடித்து அமுக்கும், தெறிக்கவும் செய்யும். இரண்டையும்விடக் கெடுதலானது முனையில் ஏற்படும் பிசிறு. கம்பியில் பட்ட அம்போ, கெட்டியான தரையில் விழுந்த அம்போ முனையின் ஓரத்தில் ஒரு நுண்ணிய கொக்கியை ஏற்படுத்திக்கொள்கிறது. உள்ளே போகும்போது அது தொல்லை தருவதில்லை. வெளியே வரும்போது தூண்டில் முள்ளைப்போல நாரைப் பற்றிக்கொண்டு வருகிறது. பலகையின் கீழே தரையில் நார்த்துகள் கூடத் தொடங்கினால், பலகையைக் குறைசொல்லும் முன் முனைகளைப் பார்க்க வேண்டும்.

பார்ப்பதைவிடத் தடவிப் பார்ப்பது நம்பகமானது. முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்த்து, எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி இழுத்தால், பிசிறு இருக்கும் பக்கம் நகத்தைப் பறண்டும். அப்போது சாணைக்கல்லின் பள்ளத்தில் முனையைச் சாய்வாக வைத்து, அம்பின் உடலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உருட்டினால் சில சுற்றுகளில் பிசிறு நீங்கி, விரலில் சாம்பல் நிறப் பொடி ஒட்டும். அதோடு நிறுத்திவிட வேண்டும். கூர்மை ஏற்றுவது நோக்கமல்ல. நுனியில் மிகச் சிறு உருட்சி இருக்கும்படி விடுவதுதான் பலகைக்கும் எறிபவருக்கும் நல்லது. பெட்டியில் வந்த சாணைக்கல் இதற்குச் சற்று முரடு. அது பிசிறை எடுத்தாலும் முனையைச் சுற்றி மெல்லிய கீறல்களை விட்டுச்செல்கிறது. அந்தக் கீறல்களும் நாரைப் பிடிக்கின்றன. பொடிமணல் உப்புத்தாள் துண்டு ஒன்றை முனையைச் சுற்றி மடித்துச் சில தடவை திருகினால் வழவழப்பு வந்துவிடுகிறது. சாணைக்கல்லை இலவச இணைப்பாகக் கொடுப்பவர்கள், அதனோடு ஒரு விரற்கடை உப்புத்தாளையும் வைத்திருந்தால் அந்த இணைப்பு முழுமையாக இருந்திருக்கும்.

பிடிப்புக்காக வளைய வளையமாகக் கீறல் இட்ட முனைகள் விற்கின்றன. அம்பு பலகையில் நன்றாக நிற்கும் என்பது உண்மை. அதே பிடிப்பு உருவும்போதும் வேலை செய்கிறது என்பதையும் வாங்குபவர் கணக்கில் கொள்ள வேண்டும். வீட்டுப் பலகையை நீண்ட நாள் வைத்திருக்க நினைப்பவருக்கு வழவழப்பான முனையே போதும். கெட்டியான தரையுள்ள அறையில் பலகைக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டால் தரை காப்பாற்றப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது முதலில் முனையை, முனையின் வழியாகப் பலகையை.

அம்பை உருவும் முறையிலும் கவனம் தேவை. முனைக்கு அருகில், பலகையை ஒட்டிய இடத்தில் பிடித்து, ஒரே பக்கமாக லேசாகத் திருகிக்கொண்டே நேராக இழுக்க வேண்டும். வால் பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டி உருவுவது துளையைப் பிளந்து விரித்துவிடும். இவ்வளவு செய்தும் சில நார்கள் நீட்டிக்கொண்டு வரத்தான் செய்யும். அவற்றை விரலால் பிடித்து இழுக்கத் தோன்றும். இழுத்தால் கற்றையில் பக்கத்திலிருக்கும் நாரும் தளரும். சிறு கத்தரிக்கோலின் முதுகைப் பலகையோடு படியவைத்து, மட்டத்துக்கு நறுக்கிவிடுவதே சரி. புதுப் பலகையில் முதல் சில வாரங்களில் இது கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். அதைக் கண்டு பலகை மட்டமானது என்று திருப்பி அனுப்பத் தேவையில்லை. தூசி தட்டுவதற்கு உலர்ந்த மென்தூரிகை போதும். சோப்பு, எண்ணெய், ஈரத்துணி எதுவும் நாரின் அருகே வரக்கூடாது.

உப்பலைச் சரிசெய்வது பற்றி நம்பிக்கையோடு சொல்லப்படும் வைத்தியங்கள் பல உண்டு. சுத்தியலால் அடித்துச் சமமாக்குவது அவற்றில் பிரபலமானது. லேசாகத் தூக்கிய பகுதியின் மேல் தட்டையான மரக்கட்டையை வைத்து, உள்ளங்கையின் பாரத்தால் அழுத்தித் தேய்த்தால் கொஞ்சம் படிகிறது என்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஓங்கி அடித்தால் அந்த இடம் இறங்கும், பக்கத்து இடம் எழும்பும். இறுக்கமாகக் கட்டப்பட்ட நாருக்குப் போக வேறு இடமில்லை. உப்புத்தாளால் தேய்ப்பது மட்டத்தைக் கொண்டுவரும், கூடவே அச்சிட்ட நிறத்தையும் கொண்டுபோய்விடும். அம்பு நிற்கிறது, எண்ணிக்கையில் குழப்பம் இல்லை என்றால், சிறிய உப்பலை அப்படியே விட்டுவிடுவதுதான் என் வழி. வராமல் தடுப்பதில்தான் பயன் அதிகம்: குளியலறைச் சுவரை ஒட்டியோ, அடுப்பின் ஆவி படும் இடத்திலோ, திறந்த முற்றத்திலோ பலகையை மாட்டக்கூடாது. நேர்வெயில் படும் சுவரும் ஆகாது. நிறம் மங்குவது ஒருபுறமிருக்க, நார் வறண்டு மொறுமொறுப்பாகி முறியும். பலகைக்கு மேலே பொருத்தும் விளக்குக்கும் இதே கணக்குதான். சூடு உமிழும் பழைய வகை விளக்குகளைவிட, பலகையைச் சுற்றி வளையமாக வரும் எல்.இ.டி. விளக்குகள் நிழலையும் சூட்டையும் ஒருசேரக் குறைக்கின்றன.

மாட்டும் அமைப்பு இந்தப் பெட்டியின் மிகப் பலவீனமான அங்கம். பலகை கனமானது; அதைத் தாங்கவேண்டிய தகட்டுக்குக் கொடுத்திருந்த திருகாணிகள் பூச்சைத் தாண்டிச் செங்கலைத் தொடாத அளவுக்குக் குட்டையானவை. நீளமான திருகாணிகளை வெளியில் வாங்கித்தான் பொருத்த வேண்டியிருந்தது. தடித்த பிளைவுட் பலகை ஒன்றைச் சுவரில் உறுதியாக அடித்து, தகட்டை அதன் மேல் பொருத்துவது இன்னும் நல்லது. சுவரில் புதிய துளை போடாமலே உயரத்தைத் திருத்திக்கொள்ளலாம். புல்லின் மையம் தரையிலிருந்து 1.73 மீட்டர், அதாவது 5 அடி 8 அங்குலத்தில் இருக்க வேண்டும். எறியும் கோடு 2.37 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இந்தத் தூரத்தைச் சுவரிலிருந்து அளப்பவர்கள் பலர். அளக்கவேண்டியது பலகையின் முகப்பிலிருந்து. பிளைவுட்டின் தடிமனும் தகட்டின் தடிமனும் பலகையின் தடிமனும் சேர்ந்து கோட்டைப் பல சென்டிமீட்டர் நகர்த்திவிடும். புல்லின் மையத்திலிருந்து கோடு வரை மூலைவாட்டில் நாடாவைப் பிடித்தால் 2.93 மீட்டர் வர வேண்டும். மற்ற இரண்டையும் அளந்தபின் சரிபார்த்துக்கொள்ள இந்த அளவு உதவும்.

முதுகிலுள்ள மூன்று தாங்கிகளின் வேலையைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. பலகை சுவரில் ஆடினால், ஒவ்வொரு அம்பும் படும்போது அந்த அதிர்வு கம்பிகளைத் தளர்த்துகிறது. தாங்கிகளில் ஒன்று தரையைத் தொடாத நாற்காலிக் கால்போல் நின்றதால், அதன் கீழே மடித்த அட்டைத் துண்டைக் கொடுத்துச் சமன்செய்தேன். பல தயாரிப்புகளில் இந்தத் தாங்கிகளைத் திருகி உயரம் மாற்ற வசதியிருக்கிறது, இதில் இல்லை. நல்லதாகச் சொல்ல ஒன்றுண்டு: தாங்கிகள் மையத்திருகாணியைச் சுற்றிச் சம தூரத்தில் இருப்பதால், பலகையை எந்தப் பாகைக்குச் சுழற்றினாலும் தகட்டில் ஒரே மாதிரி உட்காருகிறது. மலிவான சில பலகைகளில் மாட்டும் கொக்கி மேல்விளிம்பில் நிலையாக அடிக்கப்பட்டிருக்கும். அவற்றைச் சுழற்றவே முடியாது.

பலகையைச் சுற்றிச் செருகும் நுரை வளையம் இந்தப் பெட்டியில் இல்லை, தனியாக வாங்க வேண்டும். அது சுவரைக் காக்கிறது என்பது தெரிந்ததே. சுவரில் மோதி முனை மழுங்காமலும் காக்கிறது. ஆனால் பலகையை இறுக்கிப் பிடிக்கும் வளையமாக இருந்தால், ஒவ்வொரு முறை சுழற்றும்போதும் அதை உருவவேண்டியிருக்கும். சோம்பல் காரணமாகச் சுழற்றுவதே நின்றுபோகும் வீடுகள் உண்டு என்பதால், சற்றே தளர்வாக உட்காரும் வளையத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

மற்ற வகைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காகிதச் சுருளால் ஆன பலகைகள் குழந்தைகளின் பொழுதுபோக்குக்குச் சரி. அவற்றில் விழுந்த துளை துளையாகவே இருக்கும், பராமரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பிளாஸ்டிக் முனை பயன்படுத்தும் மின்னணுப் பலகைகளின் தொல்லை வேறு: முனை உடைந்து துளைக்குள் தங்கிவிட்டால் அந்தக் கட்டம் அழுந்திய நிலையிலேயே நின்று, புள்ளிக் கணக்கைக் கெடுக்கும். உடைந்த முனையை முன்பக்கத்திலிருந்து மெல்லிய கம்பியால் உள்ளே தள்ளியோ, பின்மூடியைத் திறந்தோதான் எடுக்க வேண்டும். பழுதுபார்க்கும் ஆர்வம் உள்ளவருக்கு அதிலும் வேலை உண்டு என்றாலும், நார்ப் பலகையோடு அதை ஒரே தட்டில் வைக்க முடியாது.

இந்தப் பலகையை யாருக்குப் பரிந்துரைப்பேன் என்றால், அடிக்கடி விளையாடுபவருக்கு, வாரந்தோறும் சிறிது நேரம் பலகைக்கும் முனைகளுக்கும் ஒதுக்கத் தயாராக இருப்பவருக்கு. தெறிப்பு குறைவு, நாரின் அடர்த்தி திருப்திகரம், சுழற்றும் அமைப்பு அடிப்படையில் சரியானது. எப்போதாவது நண்பர்கள் வரும்போது மட்டும் எறிபவருக்கு, உருண்டைக் கம்பியும் ஸ்டேபிளும் உள்ள சாதாரண நார்ப் பலகையே மேல். அதை எவரும் சுத்தியலும் குறடும் கொண்டு நிமிர்த்திவிடலாம். எந்த வகையை வாங்கினாலும், முடிந்தால் கடையிலேயே நான்கு காரியங்களைச் செய்து பார்க்கலாம். எண் வளையத்தைக் கையால் கழற்றிப் பாருங்கள். முதுகைத் திருப்பி, திருகாணி மையத்தில் அமைகிறதா என்று பாருங்கள். டிரிபிள் வளையத்தின் மேல் விரலை ஒரு சுற்று ஓட்டி, கம்பி எங்காவது தட்டுகிறதா என்று பாருங்கள். இரும்புப் பட்டையின் இணைப்பு எந்தப் பக்கம் வந்தாலும் நார் இடைவெளியின்றி அதோடு ஒட்டி நிற்கிறதா என்பதை விளக்கின்கீழ் பாருங்கள். அங்கே நகம் நுழையும் அளவு இடைவெளி இருந்தால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் அந்தப் பலகையை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கச் சொல்லலாம்.